முதல்ல நீங்க சொல்லுங்க டீச்சர்

நாவல் மடுவின் கரையில் ஓர் இருவாச்சிப் பறவை பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. பெயர் பொற்கலை. காட்டில் எல்லோரும் பொற்கலை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

காட்டில் எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது. பங்குனி முடிந்தால் மடு வற்றிவிடும். ஓரளவு வளர்ந்த குட்டிகள் எல்லாம் தண்ணீர் தேடிக் கீழ்க்காட்டுக்குப் போயாக வேண்டும். போகிற வழியில் மனிதர்களின் வயல்கள். வயலைச் சுற்றி மின்சாரம் ஓடுகிற கம்பிவேலி. அந்த வேலியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. போன வருஷத்து வழியை நம்பி இந்த வருஷம் போனால் அவ்வளவுதான்.

ஆனால் பாதை பிரிகிற இடத்தில் மனிதர்கள் பலகை நட்டிருப்பார்கள். ஒரு பலகையில் ‘மின்வேலி, போகாதே’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘ஓடைக்கு வழி’ என்று இருக்கும். படிக்கத் தெரிந்த குட்டி ஓடைக்குப் போய்ச் சேரும். படிக்கத் தெரியாத புள்ளிமான் குட்டி ஒன்று போன வருஷம் மற்றப் பக்கம் போனது. அதைப் பற்றி மடுக்கரையில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பொற்கலை டீச்சர் பாடம் நடத்துகிற விதமே தனி. ஈர மணலில் அலகால் ஒரு சொல்லை எழுதுவார். “வேலி!” என்று உரக்கச் சொல்வார். உடனே குட்டிகள் எல்லாம் சேர்ந்து “வேலி!” என்று கத்தும். “ஓடை!” என்பார். “ஓடை!” என்று கரையே அதிரும். அக்கரையில் வெயில் காய்கிற முதலை கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

அந்தச் சத்தத்தில் எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்கும். கேளையாடு என்கிற குரைக்கும் மானின் குட்டி வஞ்சியின் குரல். கேளையாட்டுக்குத் தொண்டை பெரியது என்பது உங்களுக்கே தெரியும். “வஞ்சியைப் பாருங்க. எப்படி வாய் திறந்து படிக்கறா! நீங்களும் இருக்கீங்களே” என்று மற்றக் குட்டிகளை டீச்சர் இடித்துக் காட்டுவார். வஞ்சி தலையைக் குனிந்துகொள்ளும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு டீச்சர் மேல் கோபம் வரக் கூடாது. டீச்சரின் துணை மூன்று வருஷத்துக்கு முன் பழம் தேடிப் பறந்து போனது. திரும்பவில்லை. இருவாச்சிகள் இன்னொரு துணை தேடுகிற இனமில்லை. ஆலமரப் பொந்தில் டீச்சர் தனியாகத்தான் இருந்தார். காலையில் கரைக்கு வந்து, தான் ஒரு சொல் சொல்லி, அதைப் பன்னிரண்டு குரல்கள் திருப்பிச் சொல்லக் கேட்டால்தான் அவருக்கு அந்தப் பகல் நகரும். அந்தச் சத்தம் குட்டிகளுக்காகவா, தனக்காகவா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

தை மாதத்தில் வனசபையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பெரிய பெட்டி இல்லை. ஒரு தேக்கிலை அளவு இருக்கும். சுற்றிப் பார்க்க வந்த மனிதர்கள் யாரோ ஜீப்பிலிருந்து தவறவிட்ட தொடுதிரை டேப்லெட் அது. தூக்கிக்கொண்டு வந்தவர் பள்ளிகளின் கண்காணிப்பாளர், காட்டுப்பன்றி சார்.

“டீச்சர், இனிமே இதையும் வச்சுப் பாடம் நடத்தணும். சபை உத்தரவு. எழுத்தைத் தொட்டா அதுவே வாசிக்கும். குட்டி வாசிச்சா அதுவே பதிவு பண்ணி வச்சுக்கும். வெயில்ல போட்டுட்டா போதும், வேற தீனி கேக்காது.”

“எப்படித் தொடறது சார்?”

“ரொம்ப சுலபம் டீச்சர். மூக்கை வச்சா முடிஞ்சுது.” சொல்லிக்கொண்டே தன் ஈர மூக்கை வைத்தார். பெட்டி இனிமையாகப் பேசியது. அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் வைத்தார்.

பயிற்சி உச்சி வெயில் வரைக்கும் நடந்தது. உச்சி வெயில் வரைக்கும் அவர் மூக்குதான் பெட்டி மேல் இருந்தது. டீச்சருக்குத் தொட்டுப் பார்க்க முறையே வரவில்லை. கிளம்பும்போது, ‘முழுப் பயிற்சி பெற்றுக்கொண்டேன்’ என்று ஓர் இலையில் டீச்சரின் கால் தடத்தை வாங்கிக்கொண்டார். குட்டிகளைப் படிக்கச் சொல்லியும் கேட்டார். “வேலி! ஓடை! போகாதே!” என்று கரை அதிர்ந்தது. இலையின் கீழே ‘மிக நன்று’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் டீச்சர் பெட்டியை அலகால் தொட்டார். டொக். பெட்டி பேசவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொட்டார். டொக், டொக். அது பாட்டுக்குக் கிடந்தது. அவருடைய அலகு மாட்டுக் கொம்பு மாதிரி உறுதியானது. அந்தப் பெட்டிக்கோ ஈரமும் சதையும் பட்டால்தான் உணர்வு வரும். பாவம், டீச்சருக்கு இது தெரியாது.

“டீச்சர், அது என்ன சொல்லுது?” என்று கேட்டது கீரிக் குட்டி சிட்டன்.

“ஒண்ணும் சொல்லலை. இதெல்லாம் வேடிக்கைக்குத்தான். எல்லாரும் மணலுக்கு வாங்க.”

‘என் அலகுக்கு இது பேசவில்லை’ என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காட்டுப்பன்றி சாரிடம் இல்லாவிட்டாலும் சிட்டனிடமாவது சொல்லியிருக்கலாம். “இது கூடத் தெரியலையா?” என்று பத்து வருஷமாகக் குட்டிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட வாய் அது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல அதற்கு வரவில்லை.

குட்டிகள் சும்மா இருக்குமா? மறுநாளே சிட்டன் தன் பாதத்தை வைத்துப் பார்த்தான். பெட்டி பேசியது. அவ்வளவுதான், முயல், அணில், முள்ளம்பன்றி அண்ணன் தம்பி எல்லோரும் அங்கே ஓடினார்கள். டீச்சர் அதட்டிப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். பிறகு சலித்துப்போய், “காலையில மணல், மத்தியானம் அந்தப் பெட்டி” என்று விட்டுவிட்டார்.

மத்தியானங்களில் கரை அமைதியாகிவிட்டது. ஒவ்வொரு குட்டியும் முறை வைத்துக்கொண்டு கொன்றைப் புதருக்கு அடியில் பெட்டியோடு தனியாக உட்கார்ந்து முணுமுணுவென்று படிக்கும். மற்றவை சற்றுத் தள்ளிக் காத்துக்கொண்டிருக்கும். டீச்சர் மணல் ஓரத்தில் தனியாக நிற்பார். எழுதி வைத்த சொல்லைப் பார்ப்பார். ஒருநாள் யாரும் இல்லாதபோதே “ஓடை!” என்று சொல்லிப் பார்த்தார். திருப்பிச் சொல்ல ஆளில்லை. அன்றைக்கு அவருக்குப் பழம் இறங்கவில்லை.

வஞ்சி மட்டும் பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

“நீ போகலையாம்மா?” என்று கேட்டார் டீச்சர்.

“வேண்டாம் டீச்சர். எனக்கு நீங்க போதும்.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை குட்டிகளில் ஒன்றுக்காவது விசுவாசம் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. அன்றிலிருந்து மத்தியானம் முழுக்க அவரும் வஞ்சியும்தான். அவர் ஒரு சொல் சொல்வார். வஞ்சி உரக்கத் திருப்பிச் சொல்லும். பன்னிரண்டு குரல் இல்லாவிட்டாலும் ஒரு குரலாவது இருக்கிறதே என்று டீச்சர் ஆறுதல் பட்டுக்கொண்டார்.

இப்படியே மாசி போய்ப் பங்குனி பிறந்து பத்து நாளும் ஆனது. குட்டிகள் புறப்பட இருபது நாள் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் குட்டிகள் எல்லாம் இலந்தைப் பழம் பொறுக்கப் போய்விட்டன. வஞ்சியும் போயிருந்தது. பெட்டி புதருக்கு அடியில் கிடந்தது. டீச்சர் ஓர் அத்திப்பழத்தை அலகு நுனியில் கவ்விக்கொண்டு கீழே இறங்கினார். ‘என் பிள்ளைகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டாயே’ என்று பெட்டியின் மேல் கோபம். ஓரமாகத் தள்ளிவிடலாம் என்று குனிந்தார். அலகில் இருந்த பழுத்த பழம் பெட்டியின் மேல் பட்டது.

“வணக்கம்” என்றது பெட்டி.

டீச்சர் பதறிப் பின்னால் போனார். பழம் விழுந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. பழத்தை மறுபடி கவ்விக்கொண்டு மெல்லத் தொட்டார். பெட்டி திறந்துகொண்டது. உள்ளே கட்டம் கட்டமாக, சிட்டன் தூர நின்று படம் பிடித்து வைத்த எல்லாக் குட்டிகளின் முகங்கள். சிட்டனின் முகத்தைத் தொட்டார். சிட்டன் படித்தது கேட்டது. முதல் நாள் திக்கித் திணறிப் படித்தது, நேற்றுத் தெளிவாகப் படித்தது, எல்லாம் இருந்தது. முள்ளம்பன்றித் தம்பிக்கு ‘ழ’ வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் வகுப்பில் இருந்த பிள்ளை.

எல்லோரும் சேர்ந்திருக்கிற ஒரு கட்டமும் இருந்தது. காலைப் பாடத்தைச் சிட்டன் விளையாட்டாகப் பதிவு செய்திருந்தான். டீச்சர் அதைத் தொட்டார். “வேலி!” என்று அவர் குரல். “வேலி!” என்று பன்னிரண்டு குரல்கள். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. ஆசை தீரவில்லை, இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார்.

மூன்றாம் தடவைதான் அது காதில் விழுந்தது. எல்லாக் குரலும் ஒன்றாகப் புறப்பட, ஒரு குரல் மட்டும் ஒரு இமை நேரம் பிந்தி வந்தது. பிந்தி வந்தாலும் எல்லாவற்றையும் விடப் பெரிதாக வந்து அமுக்கிக்கொண்டது. ஓரிடத்தில் “ஓடை!” என்று டீச்சர் சொல்ல, சிட்டன் குறும்புக்கு “ஓணான்!” என்று சொல்லியிருந்தான். மற்றவர்கள் எல்லாம் ஓடை என்றார்கள். அவனுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெரிய குரல், “ஓணான்!” என்று கூவியது.

அது யார் குரல் என்று டீச்சருக்குத் தெரியும். வஞ்சியின் முகத்தைத் தேடித் தொட்டார். அந்தக் கட்டத்தில் குரலே இல்லை. ஒருநாள் கூட இல்லை.

மாலையில் குட்டிகள் வீட்டுக்குப் போனபோது, “வஞ்சி, நீ கொஞ்சம் இரு” என்றார். மணலில் ‘வேலி’ என்று எழுதினார். எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வஞ்சி எழுத்தைப் பார்க்கவே இல்லை. டீச்சரின் அலகையே பார்த்துக்கொண்டு நின்றது. அலகு அசையவில்லை.

“படிம்மா.”

“முதல்ல நீங்க சொல்லுங்க டீச்சர்.”

“இல்லை. நீ படி.”

வஞ்சி தலையைக் குனிந்துகொண்டது. “எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது டீச்சர்” என்றது. “எல்லாரும் சேர்ந்து சொல்றப்போ எனக்கும் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அப்புறம் நீங்க என்னைப் பார்த்துப் படிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“அதனாலதான் பெட்டிகிட்ட போகலையா?”

“அதுகிட்ட தனியா படிக்கணுமே டீச்சர்.”

டீச்சர் மணலில் உட்கார்ந்துவிட்டார். முயல்கள் கூட்டமாகப் போகும். முள்ளம்பன்றிகள் இரண்டாகப் போகும். கீரிகளுக்கு அண்ணன் அக்காள் துணை உண்டு. கேளையாட்டுக்கு அந்த வழக்கமே கிடையாது. அதன் இனத்தில் குட்டி வளர்ந்தால் தனியாகத்தான் போயாக வேண்டும். பலகைக்கு முன்னால் வஞ்சி நிற்கிறபோது, முதலில் சொல்ல அங்கே யாரும் இருக்கப் போவதில்லை. அவளைத்தான் அவர் வகுப்பிலேயே முதல் பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தார். விசுவாசம் என்று வேறு நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குட்டி நடுங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றதை அவர் பார்க்கவே இல்லை.

“தப்பு உன்னுடையது இல்லைம்மா” என்றார் டீச்சர். “நானும் உன்னை மாதிரிதான். அந்தப் பெட்டி என் அலகுக்கு ஒரு நாளும் பேசலை. வெட்கப்பட்டுக்கிட்டு வேடிக்கைப் பொருள்னு சொல்லிட்டேன். தொடக் கத்துக்கிட்டதே இன்னைக்குத்தான்.”

வஞ்சி நிமிர்ந்து பார்த்தது. “டீச்சருக்கும் தெரியாம இருக்குமா?”

“இருக்கும். நிறைய இருக்கும்.”

மறுநாள் காலையில் எல்லாக் குட்டிகளுக்கும் முன்னால் டீச்சர் அதைச் சொன்னார். “சிட்டா, இந்தப் பெட்டியில வேற என்னென்ன இருக்கு? எனக்குக் காட்டு” என்றார். சிட்டன் காட்டினான். ஒரு குட்டியும் சிரிக்கவில்லை.

கரையை அதிரவைத்த அந்தக் கூச்சல் அன்றோடு நின்றது. ஒவ்வொரு குட்டியும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வஞ்சிக்குத் தனியாக ஒரு முறை வைத்தார். பெட்டியில் எழுத்தைக் காட்டி, பேசுகிற இடத்தை இலையால் மூடிவிடுவார். “முதல்ல நீ. அப்புறம் பெட்டி. கடைசியிலதான் நான்” என்பார்.

பெட்டிக்கு அலுப்பே இல்லை. ஒரே எழுத்தை நூறு தடவை கேட்டாலும் அதே குரலில் சொல்லும். ஆனால் காத்திருக்க அதற்குத் தெரியாது, தொட்டால் உடனே விடையைச் சொல்லிவிடும். காத்திருக்கிற வேலை டீச்சருடையது. அந்த வேலைதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. குட்டி திணறுகிறபோது அலகு தானாகத் திறக்கும். கடித்து மூடிக்கொள்வார். கரை முழுக்க நிசப்தமாக இருக்கும். சாயங்காலம் பொந்துக்குத் திரும்பினால் அங்கேயும் நிசப்தம். ஒரு பகல் முழுக்கத் தன் குரலையே கேட்காமல் படுத்த நாட்களும் உண்டு.

பத்தாம் நாள் வஞ்சி ஓர் எழுத்தைச் சரியாகச் சொன்னது. பதினைந்தாம் நாள் ஒரு சொல்லைப் படித்தது. குரல் மெலிந்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது. அவ்வளவு சின்னக் குரலை வஞ்சியிடமிருந்து டீச்சர் கேட்டதே இல்லை.

மடு வற்றியது. குட்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. கடைசியாக வஞ்சியின் நாள் வந்தது.

“கூட வரட்டுமா?” என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் வரச் சொல்லிவிடும் என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இருவாச்சி பறந்தால் சிறகுச் சத்தம் அரை மைல் கேட்கும். அதனால் விடிந்ததும், வஞ்சிக்கு முன்னாலேயே போய், பாதை பிரிகிற இடத்தில் ஒரு வேங்கை மரத்தின் உச்சியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியபோது வஞ்சி வந்தது. இரண்டு பாதை. இரண்டு பலகை. வலது பக்கத்திலிருந்து பச்சைக் கேழ்வரகின் வாசனை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வயல். இடது பக்கம் வெறும் காய்ந்த சருகு. வஞ்சி மூக்கைத் தூக்கி முகர்ந்தது. வலது பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தது.

டீச்சரின் அலகு திறந்துவிட்டது. இன்னும் ஒரே ஓர் அடி வைத்தால் கத்திவிடுவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வஞ்சி நின்றது. திரும்பி வந்து பலகைக்கு முன்னால் நின்றது. பின்னால் திரும்பி யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்தது. யாரும் இல்லை. பிறகு பலகையை நிமிர்ந்து பார்த்தது. வாய் மெல்ல அசைந்தது. நெடுநேரம் அசைந்தது. உச்சியில் இருந்த டீச்சருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவரும் திறந்த அலகை மூடிக்கொண்டார். அவருடைய ஆயுளில் அவ்வளவு நேரம் அவர் எதற்கும் காத்திருந்ததில்லை.

வஞ்சி இடது பக்கம் திரும்பியது. அங்கிருந்த பலகையையும் நின்று படித்தது. பிறகு சருகுகளின் மேல் நடந்து ஓடைக்குப் போகிற பாதையில் மறைந்தது. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் மடுக்கரைக்குத் திரும்பினார். மணல் காய்ந்து கிடந்தது. பெட்டி வெயிலில் கிடந்தது. குட்டி ஒன்றும் இல்லை. அழ வேண்டும் போல இருந்தது, அழுதார். அந்தக் கரையில் இனி அடுத்த மழை வரைக்கும் அவர் தனிதான். ஆனால் அந்தத் தனிமையை விரட்ட ஒரு குட்டியும் இனி அவருக்குப் பின்னால் கத்த வேண்டியதில்லை.

பிள்ளை தனியாகப் படிக்கிற குரலைக் கேட்க எந்தப் புதுக் கருவி வந்தாலும், தெரியவில்லை என்று கூச்சப்படாமல் அதைக் கற்றுக்கொள்கிறவரே நல்ல ஆசிரியர்.